கைக்கு வந்த பழைய பெயின்ட்பால் துப்பாக்கி: உங்கள் அனுபவம் என்ன?

பாகலூர் ரோடு:

நானே ஆரம்பிக்கிறேன். மூன்று வாரமாக மண்டைக்குள் இதேதான் ஓடுகிறது. ஓசூரில் டூல் ரூம் வேலை. வீட்டுக்கு ஒரு பழைய பெஞ்ச் வைஸ் கிடைக்குமா என்று பாகலூர் ரோட்டில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கையில் அரம். கறுப்புப் பெயின்ட் அடித்த ஏதோ ஒரு குழாயை ராவிக்கொண்டிருந்தார். உள்ளே மஞ்சள் தெரிந்ததும் "பித்தளை, பித்தளை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கிட்டே போய்ப் பார்த்தால் அது குழாயே இல்லை. ஷெரிடன் பிஜிபி, சாயக்குண்டு சுடும் பழைய பெயின்ட்பால் கைத்துப்பாக்கி! 'ஷெரி' வரைக்கும் எழுத்து இருந்தது, மீதியை அரம் தின்றுவிட்டது. நம் கூட்டத்துக்கு விளக்க வேண்டியதில்லை, அந்தக் காலத்து ஷெரிடன் எல்லாம் உடம்பு முழுக்கப் பித்தளை. அதுவே அதற்கு எமன்.

"அண்ணா, ராவாதீங்க, அப்படியே கொடுங்க" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "துப்பாக்கி மாதிரி இருக்கு தம்பி. இப்படியே வித்தா நாளைக்கு ஸ்டேஷன்ல நான்தான் நிக்கணும்." அவர் பயமும் நியாயம்தான். நம் மலைப்பக்க ஊர்களில் நாட்டுத்துப்பாக்கி பிடிபடுகிற கதை தெரியாதவர் யார்? இது சாயக்குண்டு விளையாட்டுச் சாமான் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, அதைப் பட்டறைக்கல்லில் வைத்துச் சம்மட்டியால் ஒரே போடு. குழல் நுனி வாத்து மூக்கு மாதிரி சப்பிப்போனது. "இப்ப எடுத்துக்கோ. இனிமே அது துப்பாக்கி இல்ல." எடை போட்டு 800 ரூபாய் வாங்கிக்கொண்டார். இரண்டு நிமிடம் முன்னால் போயிருந்தால் என்ன, வாயைத் திறக்காமல் பணத்தை நீட்டியிருந்தால் என்ன என்று தினமும் தோன்றுகிறது. வைஸும் வாங்கவில்லை.

பர்கூர் டு மிச்சிகன்:

உங்களுக்காவது நசுங்கியது கிடைத்தது அண்ணா. நான் நல்லதையே கையில் பிடித்துவிட்டு வைத்துவிட்டு வந்தவன். கம்பெனி வேலையாக மிச்சிகனில் இருந்தபோது வடக்கே அயர்ன் மவுன்டன் பக்கம் போனோம். நெல்-ஸ்பாட் துப்பாக்கியை விற்ற நெல்சன் பெயின்ட் கம்பெனியின் ஊர், தெரியும்தானே. கோடையில் வீட்டு வாசலில் மேசை போட்டுப் பழைய சாமான் விற்பார்களே, அதில் ஒரு பெரியவர் பீங்கான் தட்டுகளுக்கு நடுவில் நெல்-ஸ்பாட் 007-ஐ வைத்திருந்தார். உலகத்தின் முதல் பெயின்ட்பால் துப்பாக்கி! எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவருக்கு விளையாட்டெல்லாம் தெரியாது. காட்டில் வெட்ட வேண்டிய மரத்துக்கு அடையாளம் போட இதைத்தான் எடுத்துப் போவாராம்.

எப்படி என்று செய்து காட்டினார் பாருங்கள், அதுதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. போல்ட்டைப் பின்னால் இழுத்தார். துப்பாக்கியை, குழந்தைக்குச் சங்கில் மருந்து புகட்டுவது போல மெதுவாகச் சாய்த்தார். குண்டு எதுவும் இல்லை, ஆனாலும் அது உருண்டு வந்து விழுகிற நேரத்துக்குக் காத்திருந்தார். காது கொடுத்துக் கேட்டார்! அப்புறம்தான் போல்ட்டைத் தள்ளினார். எத்தனை வருஷப் பழக்கமோ. 150 டாலர் சொன்னார். பெங்களூர் விமான நிலையத்தில் கஸ்டம்ஸில் மாட்டினால் என்ன சொல்வது என்று யோசித்து யோசித்து, கடைசியில் ஒரு பீங்கான் தட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அதில்தான் இப்போது வீட்டில் மாங்காய் வைக்கிறார்கள்.

கேலிபர் 68:

பர்கூர் தம்பி, கதை அருமை, ஆனால் "உலகத்தின் முதல்" என்பதை வாபஸ் வாங்குங்கள். 007-க்கு முன்னாலேயே 1960களில் க்ராஸ்மேன் கம்பெனி நெல்சனுக்காக 707 என்று ஒன்று செய்து கொடுத்தது. அது சரியாக விற்கவில்லை. அதன் பிறகுதான் நெல்சன், ஏர்கன் செய்கிற டெய்சி கம்பெனியிடம் போனார்கள், டெய்சியில் ஜேம்ஸ் ஹேல் வடிவமைத்ததுதான் 007. அதையே டெய்சி 'ஸ்ப்ளாட்ச்மார்க்கர்' என்ற பெயரிலும் விற்றது. ஆக 007 இரண்டாவது. விளையாட்டுக்கு முதல் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். முதல் பெயின்ட்பால் ஆட்டம் 1981 ஜூன் 27, அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரில் ஹெனிக்கர், 12 பேர், எல்லார் கையிலும் 007. அதிலும் கவனியுங்கள், ஜெயித்த ரிச்சி வைட் ஒரு குண்டு கூடச் சுடவில்லை. அவரும் காட்டு வேலைக்காரர்தான். சத்தமில்லாமல் கொடிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

என் அனுபவம் சின்னது. பெங்களூர் பக்கம் ஒரு விளையாட்டு மைதானத்தின் ஆபீஸ் சுவரில் ஸ்ப்ளாட்மாஸ்டர் என்ற பழைய பெயின்ட்பால் துப்பாக்கி மாட்டியிருந்தது. பிளாஸ்டிக்தான், ஆனால் மரத்துக்கும் மாட்டுக்கும் அடையாளம் போட இல்லாமல் இந்த விளையாட்டுக்கென்றே செய்ய ஆரம்பித்த காலத்துச் சரக்கு. கழற்றிப் பார்க்கலாமா என்றேன். "பூஜை போட்டு மாட்டியிருக்கோம் சார்" என்றார்கள். நிஜமாகவே குங்குமம் இருந்தது, ட்ரிகர் மேலேயே.

பர்கூர் டு மிச்சிகன்:

அண்ணா, பெரியவர் மேசையில் 707 இல்லை, 007தான் இருந்தது. எனக்கு அதுதான் முதல்.

காரிமங்கலம் மெக்கானிக்:

பாகலூர் ரோடு நண்பரே, நீங்கள் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நசுங்கிய குழலை நெருப்பில் காட்டி நிமிர்த்தலாம் என்று எவனாவது சொன்னால் கேட்காதீர்கள். சூடு பின்னால் ஏறினால் பற்றவைத்த இடமெல்லாம் விட்டுவிடும், அப்புறம் குழல் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். குண்டின் அளவு .68 அங்குலம் என்பது கணக்குக்கு 17.27 மில்லி மீட்டர். முதலில் பின்பக்கம் நல்ல இடத்தில் உள் விட்டத்தை அளந்து பாருங்கள், குழலுக்குக் குழல் கொஞ்சம் மாறும். அதற்கு அரை மில்லி குறைவாக வேப்பங்கட்டையையோ நைலானையோ கூம்பாகக் கடைந்து, எண்ணெய் தடவி, பின்பக்கமிருந்து மெதுவாகத் தட்டி இறக்குங்கள். ஒரே நாளில் முடிக்காதீர்கள். பித்தளை அடி வாங்க வாங்க இறுகும், அவசரப்பட்டால் விரிசல்தான். இரும்பு ராடு மட்டும் வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, வீட்டில் அம்மா குத்துவிளக்கு தேய்க்கிற நாளில் இதைப் பக்கத்தில் வைக்காதீர்கள். புளி போட்டுப் பளபளவென்று ஆக்கிவிட்டால் அந்தக் காலத்துக் கறுப்புப் பெயின்ட் மிச்சமிருக்கிறதே, அதுவும் போச்சு. அரம் பட்ட இடம் அரம் பட்ட இடமாகவே இருக்கட்டும், கறுப்பு ஸ்ப்ரே அடித்து மறைக்கிற வேலையும் வேண்டாம்.

மூன்றாவது, முக்கியம். பழையது சுடுகிறதா என்று பார்க்க 12 கிராம் கேஸ் குப்பியைச் சொருகாதீர்கள். உள்ளே இருக்கும் கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரி தாண்டினால் திரவமாகவே நிற்காது, அழுத்தம் 1000 பிஎஸ்ஐக்கு மேல் போய்விடும். நம் ஊர் சித்திரை வெயிலில் 31 எல்லாம் காலை டீ நேரத்திலேயே வந்துவிடுகிறது. நாற்பது வருஷ ரப்பர் வளையம் அதைத் தாங்குமா? ஓ-ரிங் எல்லாம் மாற்றுங்கள், மாற்றினாலும் முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள், கண்ணாடி போடுங்கள்.

என் கதை கேட்டால் இவ்வளவுதான்: உறவுக்காரப் பையன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஒன்றில் மே மாதம் மதியம் குப்பியைச் சொருகினேன். புஸ்ஸென்று ஒரு சத்தம், கை முழுக்க வெள்ளைப் பனி. தோல் உரிந்து இரண்டு வாரம் ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை.

பென்னாகரத்துக்காரன்:

என் கையில் எதுவும் சிக்கியதில்லை, அப்பா கதை ஒன்று இருக்கிறது. வனத்துறையில் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 007 போட்டோவைக் காட்டி, இதில் எண்ணெய்ச் சாயம் அடைத்த குண்டு போட்டு மரத்துக்குக் குறி போடுவார்களாம், மேலே பட்டால் டர்பென்டைன் போட்டுத் தேய்த்தால்தான் போகுமாம் என்றேன். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் காலத்தில் மரத்தில் பட்டையைச் சீவிவிட்டு முத்திரைச் சுத்தியலால் அடிப்பார்கள். கிட்டே போய்த்தான் ஆகணும், முள் குத்தும், கட்டெறும்பு கடிக்கும். "நல்ல சாமான்டா, கரடி நிக்கற பக்கம் போக வேண்டியதில்லை" என்றார். சரி, பாராட்டிவிட்டார் என்று சந்தோஷமாகி, அங்கே பண்ணைகளில் மாட்டுக்கும் இதாலேயே சுட்டுத்தான் அடையாளம் வைப்பார்கள் என்றேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "மாட்டை எதுக்குடா சுடணும்? பேர் சொல்லிக் கூப்பிட்டா வராதா?" அதிலிருந்து நான் துப்பாக்கி பேச்சை எடுத்தாலே "மாடு சுடறவனுங்க கதையா?" என்கிறார். அங்கே ஆயிரக்கணக்கில் மாடு, எதற்குப் பேர் வைப்பது என்று சொல்லிப் பார்த்தேன். வைக்காதது அவர்கள் தப்பாம்.

கேலிபர் 68:

அப்பா சொல்வதில் ஒரு விஷயம் இருக்கிறது, ஆனால் மெக்கானிக் அண்ணன் சொன்ன வேப்பங்கட்டை எனக்குச் சரியாகப் படவில்லை. ஈரம் இழுக்கும். நைலான்தான்.

காரிமங்கலம் மெக்கானிக்:

எண்ணெய் தடவச் சொன்னேனே, படித்தீர்களா?

பாகலூர் ரோடு:

நைலானிலேயே கடைந்துவிட்டேன், கம்பெனி லேத்தில், சூப்பர்வைசர் டீ குடிக்கப் போன நேரத்தில். பாதி தூரம் விரிந்திருக்கிறது, வாத்து மூக்கு இப்போது கிளி மூக்கு.

நேற்று அதே கடைக்குப் போனேன், இது எங்கிருந்து வந்தது என்று கேட்க. கடைக்காரருக்கு ஞாபகமில்லை. ஏதோ வீடு காலி பண்ணின மூட்டையாம். வைஸுக்கு விலை பேசி முடித்து வண்டியில் கட்டும்போது, அவரே சொல்கிறார்: "அதே மூட்டையில நீளமா இன்னொன்னு இருந்துச்சே தம்பி. நீ அன்னைக்குக் கேக்கவே இல்லையே. பித்தளை லோடோட போயிருச்சு."