பயிற்சிநிலை ரீமிக்ஸ்களுக்குப் பின்னூட்டம்: குறைகள் அனைத்தையும் சொல்வதா, முதன்மையான ஒன்றைச் சொல்வதா?

முக்கோண அலை எழுதியது:

சூப்பர் மாரியோ பிரதர்ஸ் (1985) விளையாட்டின் நீருக்கடியிலான கட்டங்களுக்குக் கோஜி கோண்டோ அமைத்த வால்ட்ஸ் (மூன்று பீட் சுழற்சியுள்ள நடன) மெட்டை நடன இசையாக மாற்றி, புதிய உறுப்பினர் நீர்க்குமிழி சென்ற வாரம் இங்கே பதிவேற்றியிருந்தார். "தயங்காமல் கருத்துச் சொல்லுங்கள்" என்று அவர் கேட்டிருந்ததால், நேரக் குறிப்புகளுடன் விரிவாகவே எழுதினேன். 0:38 முதல் கிக்கும் (டிரம்ஸின் ஆழ்ந்த அடி) பேஸும் (தாழ்சுர இசை) 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றையொன்று மறைக்கின்றன. பேட் (பின்னணியில் நீண்டு நிற்கும்) ஒலியின் அடிப்பகுதி வெட்டப்படாததால் நடு அதிர்வெண்கள் கலங்கிக் கிடக்கின்றன. மெட்டின் சுரங்கள் அனைத்தும் ஒரே வெலாசிட்டியில் (அழுத்த அளவில்) விழுகின்றன. உச்ச ஒலியைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் அளவுக்கு மீறி அழுத்துவதால் ஒவ்வொரு கிக்குக்கும் மொத்த இசையும் அமுங்கி எழுகிறது. 3/4 தாளம் 4/4 ஆக்கப்பட்டதில் மெட்டு நொண்டுகிறது. முடிவு திடீரென்று அறுந்துபோகிறது.

இதைப் படித்த சிலர், புதியவரிடம் இவ்வளவு கடுமை தேவையா என்று எனக்குத் தனிமடல் அனுப்பினார்கள். கடுமை எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஒருவரிடமும் நான் "உனக்கு இசை வராது" என்று சொல்லவில்லை. காதில் விழுந்த குறையை, அது விழுந்த நொடியுடன் சொன்னேன். "அருமை, தொடருங்கள்" என்று எழுதிவிட்டுப் போவதுதான், என் பார்வையில், கேட்டவரை மதிக்காத செயல்.

எட்டு பிட் எழுதியது:

நண்பர் முக்கோண அலை சுட்டிய குறைகளில் ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. அவற்றை ஒரே தட்டில் வைத்ததைத்தான் மறுக்கிறேன். அந்த ரீமிக்ஸில் மூன்றாவது பீட்டை இரண்டு பீட் நீளத்துக்கு இழுத்துத்தான் நான்காக்கியிருக்கிறார். அதனால் ஒவ்வொரு பாரின் (தாளச் சுற்றின்) முடிவிலும் மெட்டு நின்று நின்று நகர்கிறது. இது சரியாகும்போது பேஸின் சுரங்கள் மாறும், கிக் விழும் இடம் மாறும், முடிவும் மாறும். அப்படியானால் இன்றைக்கு அவர் ஈக்யூவில் (அதிர்வெண்களைச் சரிசெய்வதில்) செலவிடும் உழைப்பு முழுவதும் நாளைக்கு இடிக்கப்போகும் சுவருக்குப் பூசும் சுண்ணாம்புதான்.

ஆகவே முதலில் அவரிடம் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்: வால்ட்ஸின் அசைவைத் தக்கவைக்க விரும்புகிறீர்களா, அல்லது அதை முற்றிலும் விட்டுவிட விரும்புகிறீர்களா? தக்கவைக்க வேண்டுமென்றால், வால்ட்ஸின் ஒரு பார் முழுவதையும் 12/8 தாளத்தின் (மும்மூன்றாகப் பிரியும் நான்கு பீட்களின்) ஒரு பீட்டாக எடுத்துக்கொண்டு, நான்கு பார்களை ஒரு பாராக மடக்கி, ஒவ்வொரு பீட்டிலும் கிக் வைக்கலாம். மெட்டும் சிதையாது, நடனத்துக்கான துடிப்பும் கிடைக்கும். அசைவைக் குலைப்பதுதான் நோக்கம் என்றால், மெட்டை மூன்றிலும் தாளக்கருவிகளை நான்கிலும் ஓடவிட்டு, பன்னிரண்டு பீட்டுக்கு ஒருமுறை இரண்டும் சந்திக்கும்படி அமைக்கலாம். நோக்கம் தெரியாமல் இவ்விரண்டில் எதைப் பரிந்துரைப்பது?

முக்கோண அலை எழுதியது:

நோக்கத்தைக் கேட்பதில் எனக்கு ஓர் ஐயம் உண்டு. "அப்படித்தான் நினைத்துச் செய்தேன்" என்ற பதில், எந்தக் குறையையும் மூடிவிடும் போர்வையாக மாறிவிடுகிறது. கேட்பவருக்கு நோக்கம் ஒலிக்காது, ஒலிதான் ஒலிக்கும். அதோடு, ஒருவரால் ஒரு குறையைத்தான் தாங்க முடியும் என்று நீங்களும் நானும் எப்படி முடிவு செய்வது? அவரை அடுத்து வருகிற பத்துப் பேரும் இதே இழையைப் படித்துத்தான் கற்கிறார்கள். 1999 முதல் இயங்கிவரும் ஓவர்கிளாக்ட் ரீமிக்ஸ் தளத்தில், நிராகரிக்கப்பட்ட ஆக்கங்களுக்கு நடுவர்கள் எழுதும் காரணங்கள் பொதுவிலேயே வைக்கப்படுகின்றன. அவற்றைப் படித்தே இசைக்கோப்பு கற்றவர்கள் பலர்.

எட்டு பிட் எழுதியது:

நல்ல எடுத்துக்காட்டுதான், ஆனால் அது என் பக்கமே பேசுகிறது. அந்த நடுவர்கள் எழுதுவது ஓர் ஆக்கம் தேறுமா தேறாதா என்ற தீர்ப்பு. தீர்ப்புக்குக் காரணங்கள் முழுமையாக இருக்கத்தான் வேண்டும். அதே தளத்தில், இன்னும் முடிவடையாத ஆக்கங்களை முன்வைத்து உதவி கேட்பதற்குத் தனிப் பகுதி ஒன்று இருக்கிறது. நீர்க்குமிழி நம்மிடம் தீர்ப்புக் கேட்கவில்லை.

கேட்பவன் எழுதியது:

எனக்கு எந்தக் கருவியும் வாசிக்கத் தெரியாது. பழைய விளையாட்டு இசையைக் கேட்பவன் மட்டுமே. என்னைப் போன்றவர்கள் இத்தகைய ஆக்கங்களுக்குக் கருத்துச் சொல்லலாமா, அல்லது விலகி நிற்பது நல்லதா? இந்த ரீமிக்ஸில் இரண்டாவது நிமிடத்துக்குப் பிறகு என் கவனம் கலைந்துவிட்டது என்பதைத் தவிர எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

எட்டு பிட் எழுதியது:

அதைத்தான் சொல்ல வேண்டும். கவனம் எந்த இடத்தில் கலைந்தது என்பதை, பலமுறை கேட்டுப் பழகிய எங்கள் காதுகளால் இனிச் சொல்ல முடியாது. காரணத்தையும் மருந்தையும் நீங்கள் ஊகிக்கத் தேவையில்லை. "பேஸைக் குறையுங்கள்" என்று கேட்பவர்கள் சொல்லும்போது பல நேரங்களில் பேஸ் சரியாகவே இருக்கும். மெட்டுக்கான சிந்த் ஒலிதான் தாழ்ந்திருக்கும்.

முக்கோண அலை எழுதியது:

இதில் எனக்கும் உடன்பாடே. ஒரு சிறு திருத்தம்: மூல இசையோடு ஒப்பிட்டுக் கருத்துச் சொல்பவர்கள் முதலில் இரண்டின் ஒலியளவையும் சமமாக வைத்துக் கேட்க வேண்டும். சற்று உரக்க ஒலிப்பது எதுவானாலும் காதுக்கு மேலானதாகத் தோன்றிவிடும். ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் வழக்கமான அமைப்பில் ஒலியளவை −14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குப் படும் உரப்பின் அலகு) அளவுக்குச் சமப்படுத்திவிடுவதால், லிமிட்டரை நசுக்கிப் பெறும் உரப்பு அங்கே எப்படியும் காணாமல் போகும்.

ஆனால் மூலத்தைப் பற்றிய அறிவு இல்லாமல் விளையாட்டு இசை ரீமிக்ஸுக்குச் சரியான பின்னூட்டம் தர இயலாது என்பது என் உறுதியான கருத்து. நிண்டெண்டோவின் எட்டு பிட் விளையாட்டுக் கருவியில் இருந்தவை இரண்டு பல்ஸ் அலைகள், ஒரு முக்கோண அலை, ஓர் இரைச்சல் தடம், பதிவுத் துணுக்குகளுக்கான ஒரு தடம், அவ்வளவே. முக்கோண அலைக்கு ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வசதிகூடக் கிடையாது (என் பெயர்க்காரணம் கேட்டவர்களுக்காகவும் இதைச் சொல்லி வைக்கிறேன்). மெட்டும் பேஸும் போக, ஒரே நேரத்தில் மூன்று சுரங்களை ஒலிக்கத் தடங்கள் போதாததால், அக்கால இசையமைப்பாளர்கள் ஒரு கார்டின் (ஒன்றாக ஒலிக்கும் சுரத்தொகுப்பின்) சுரங்களை மிக விரைவாக ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, காதை ஏமாற்றிக் கார்டாகக் கேட்க வைத்தார்கள். நீர்க்குமிழியோ 1:12-இல் தாமே சேர்த்த அத்தகைய ஆர்பெஜியோ ஒன்றை அப்படியே வயலின்களுக்குக் கொடுத்திருக்கிறார். எந்த வயலின் கலைஞரும் அந்த வேகத்தில் அதை வாசிக்கப் போவதில்லை. தடப் பற்றாக்குறையால் பிறந்த ஓர் உத்தியை, எத்தனை தடங்களையும் திறந்துகொள்ளக்கூடிய இன்றைய மென்பொருளில் வயலினுக்குச் சுமத்துவதற்கு என்ன தேவை? அங்கே வர வேண்டியது நீண்டு நிற்கும் கார்டு. இதை நான் "வயலின் செயற்கையாக ஒலிக்கிறது" என்று மட்டும் சொல்லியிருந்தால், அவர் விலை உயர்ந்த வேறொரு வயலின் ஒலித்தொகுப்பை வாங்கிவிட்டு, அதே குறையோடு திரும்பி வந்திருப்பார்.

எட்டு பிட் எழுதியது:

இந்தப் பத்தியை உங்கள் முதல் பின்னூட்டத்தில் எழுதியிருந்தால் இந்த விவாதமே எழுந்திருக்காது. அங்கே "1:12, வயலின் சரியில்லை" என்ற ஒற்றை வரிகூட இல்லை. பட்டியலின் நீளம் விளக்கத்தின் இடத்தைத் தின்றுவிடுகிறது என்பதுதான் தொடக்கத்திலிருந்தே என் முறையீடு.

நீர்க்குமிழி எழுதியது:

அந்த ரீமிக்ஸைச் செய்தவன் நான்தான். இருவருக்கும் நன்றி. முக்கோண அலை ஐயா எழுதியது என்னைப் புண்படுத்தவில்லை. ஆனால் நடந்ததைச் சொல்கிறேன்: பட்டியலில் எனக்குப் புரிந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பேட் ஒலியின் அடிப்பகுதியை வெட்டினேன், கிக் விழும்போது பேஸ் ஒதுங்கும்படி சைட்செயின் வைத்தேன், வெலாசிட்டிகளை மாற்றினேன். "மெட்டு நொண்டுகிறது" என்பதை என்ன செய்வதென்று தெரியாததால் தொடவே இல்லை. இப்போது ஒலி முன்பைவிடத் தெளிவாக இருக்கிறது. நொண்டலும் தெளிவாகக் கேட்கிறது. வால்ட்ஸின் அசைவை விட எனக்கு மனமில்லை. 12/8-க்கு மாற்றினால் வேகத்தை எவ்வளவு வைப்பது?

முக்கோண அலை எழுதியது:

மூல மெட்டின் வேகத்தை மூன்றால் வகுத்துப் பாருங்கள். நடன இசைக்கு அது மிகவும் மந்தமாக இருக்கும். அங்கிருந்து மெட்டின் ஓட்டம் கெடாத அளவுக்குச் சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே வாருங்கள். நிமிடத்துக்கு நூறு பீட்டை எட்டும் முன்பே மெட்டு மூச்சுவாங்கத் தொடங்கினால், கிக்கை இரட்டிப்பாக்க நினைக்காமல், அந்த வேகத்துக்குரிய வேறொரு நடன வகையைத் தேர்ந்தெடுங்கள். எட்டு பிட் சொன்ன வரிசையை இந்த ஒரு ஆக்கத்துக்கு மட்டும் ஏற்கிறேன். பொது விதியாக ஏற்கவில்லை.

எட்டு பிட் எழுதியது:

அந்த ஒன்று போதும். நீர்க்குமிழி, அடுத்த பதிவேற்றத்தில் மாஸ்டரில் (மொத்த இசையும் சேரும் இறுதித் தடத்தில்) உள்ள லிமிட்டரை எடுத்துவிட்டு, மெட்டு, பேஸ், கிக் ஆகிய மூன்றை மட்டும் அனுப்புங்கள். வயலினுக்குப் பிறகு வருவோம்.