சத்திரசிகிச்சைப் பயிற்சியை முடித்து, ஒரு தனிப் பிரிவில் மேற்பயிற்சி பெறும் பெலோஷிப்புக்குப் போனபோது பழைய பயிற்சி எவ்வளவு கைகொடுத்தது?

கிளிநொச்சிக்காரன், இப்போது இங்கிலாந்தில் ஈரல், பித்தப்பைப் பிரிவில் பெலோஷிப்:

சத்திரசிகிச்சையில் எம்.டி. பட்டமேற்படிப்பு முடித்த பின் வன்னியில் வேலை செய்தேன். பன்றிக்குக் கட்டிய கட்டுத்துவக்கு வெடித்து, முழங்காலுக்குக் கீழே சிதைந்த காலோடு ஆட்களைக் கொண்டுவருவார்கள். அங்கே தையல் கடைசி வேலை. கிள்ளினால் தசை சுருங்குகிறதா, வெட்டினால் இரத்தம் கசிகிறதா என்று பார்த்து, செத்ததை அகற்றிக் கழுவி, புண்ணைத் திறந்தபடியே விடுவோம். நான்கைந்து நாளில் மீண்டும் பார்த்துத்தான் மூடுவது. அவசரப்பட்டு அன்றே மூடினால் உள்ளே சீழ் வைக்கும். காலை வைத்திருப்பதா, எடுப்பதா என்று நடுச்சாமத்தில் முடிவெடுத்த பழக்கம் இங்கே பெரிய பலம்.

ஆனால் இங்கே கேட்டது வேறு. வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கமராவில் பார்த்துச் செய்யும் லப்பரஸ்கோப் வழியாக உள்ளே ஊசி பிடித்து முடிச்சுப் போடு என்றார்கள். கையை வலப்பக்கம் அசைத்தால் கருவியின் நுனி இடப்பக்கம் போகும். திரையில் ஆழமும் தெரியாது. வயிற்றைத் திறந்து எத்தனை குடல் தைத்திருந்தாலும் இந்தக் கைப்பழக்கம் தானாக வராது.

இது நம் குறை மட்டுமல்ல. அமெரிக்காவில் பெலோஷிப் பொறுப்பாளர்களிடம் நடத்திய கணிப்பொன்று 2013இல் வெளியானது. புதிதாக வருபவர்களில் 30 வீதத்தினரால் லப்பரஸ்கோப்பில் பித்தப்பையைத் தனியே அகற்ற முடியாது, 56 வீதத்தினரால் உள்ளே தைக்க முடியாது, 66 வீதத்தினரைப் பெரிய சத்திரசிகிச்சையில் அரை மணி நேரம்கூடத் தனியே விட முடியாது என்று அவர்கள் சொன்னார்கள். ஐந்து வருடப் பயிற்சிக்குப் பிறகு!

முல்லைத்தீவு, தியேட்டர் தாதி:

டொக்டர், அதே கணிப்பில் நோயாளியைத் தன் பொறுப்பாக நினைக்காதவர்கள் 38 வீதம் என்றும் இருக்கிறதே, அதை விட்டுவிட்டீர்கள். எனக்கு அதுதான் கண்ணில் படுகிறது. கையுறையைக் கழற்றியதும் காணாமல் போகிறவர்களும் உண்டு. இரவில் நோயாளர் விடுதிக்கு வந்து, குழாயில் வடிந்ததன் நிறத்தைத் தானே பார்த்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. யார் எங்கே பெலோஷிப் போனாலும் தேறுவார் என்று அப்போதே சொல்லிவிடலாம்.

வவுனியா, பயிற்சியில் இருப்பவர்:

அக்கா சொல்வது சரி. ஆனால் பொறுப்பு, பொறுப்பு என்று சொல்லியே எங்களைக் கமரா பிடிக்க மட்டும் நிறுத்திவைக்கிறார்கள். பித்தப்பை சத்திரசிகிச்சை முழுவதும் பார்த்திருப்பேன். கத்தரி கைக்கு வருவதற்குள் பட்டியல் முடிந்துவிடும். வெளிநாட்டில் போய்ப் பழகலாம் என்கிறார்கள். அங்கே என்னை எந்த நம்பிக்கையில் தொடவிடுவார்கள்?

கிளிநொச்சிக்காரன்:

தம்பி, கேள்வி நியாயமானது. முழுச் சத்திரசிகிச்சையையும் கேட்காதீர்கள், ஒரு படியைக் கேளுங்கள். இன்று பித்தப்பையை ஈரலிலிருந்து பிரிக்கும் கட்டம் மட்டும் என்று கத்தி வைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டால், பெரும்பாலான நிபுணர்கள் மறுப்பதில்லை. தையலுக்கு, துளையிட்ட பிளாஸ்டிக் பெட்டியும் உள்ளே ஒரு தொலைபேசிக் கமராவும் போதும். காலாவதியான நூலைத் தியேட்டரில் கேளுங்கள், அக்கா எடுத்துவைப்பார்.

முல்லைத்தீவு, தியேட்டர் தாதி:

வைப்பேன். ஊசியை எண்ணித் திருப்பித் தர வேண்டும்.