ஒரே தீன், ஒரே முட்டை. ஒரு கூடு மட்டும் ஏன் கூடத் தின்னுது? மூண்டு ஊர்க் கோழிக்காரரின்ர கதை.

ஒட்டுசுட்டான்:
மார்கழி வாடை. 50 கிழமை தாண்டின பிரவுன் லேயர் (முட்டைக் கோழி), ரெண்டு கூட்டுக்கும் ஒரே மாஸ் (அரைச்ச கலப்புத் தீன்). ஒண்டில கோழிக்கு நாளுக்கு 110 கிராம் போகுது, மற்றதில 125. முட்டை ரெண்டிலயும் நாளுக்கு நூறு கோழிக்கு 90, ஒண்டு 60 கிராம். அப்ப ஒரு கிலோ முட்டைக்கு ஒரு பக்கம் 2.04 கிலோ தீன், மற்றப் பக்கம் 2.31. கூடத் தின்னிற கூட்டில ஒண்டைத் தூக்கினா முதுகும் கழுத்தும் மொட்டை, தோல் கையில சுடுது. செட்டை (இறகு) இல்லாமல் வெளியால போற அந்தச் சூடு முழுக்கத் தீன் காசு.

பரந்தன்:
செட்டை மட்டும் எண்டா ஒத்துக்கொள்ளமாட்டன். கோழியைத் தராசில நிறுத்தனீங்களோ? தின்னிற சக்தியில பாதிக்கு மேல உடம்பைக் கொண்டு நடத்தவே போகுது, 2.2 கிலோக் கோழி 1.9 கிலோக் கோழியின்ர முட்டையைத்தான் இடும், தீன் மட்டும் கூட. உடல் நிறை, நிறை ஏற்றம், முட்டை நிறை மூண்டையும் கழிச்சும் வித்தியாசம் மிஞ்சினா அதில ஒரு பங்கு பிறவிக் குணம், குஞ்சுக்கும் இறங்கும். அப்பிடிக் கூடத் தின்னிறதையே தெரிஞ்செடுத்து வளர்த்த வம்சத்தில சொண்டுக்குக் கீழ தொங்குற தாடி பெரிசு, உடம்பு வெக்கையும் கூட.

நெடுங்கேணி:
அண்ணைமார், கோழியில பழி போட முதல் தொட்டிக்குக் கீழ பாருங்கோ. கொட்டுப்பட்டதையும் தின்ட கணக்கில சேர்க்கிறியள். மூண்டில ஒரு பங்குக்கு மேல நிரப்பாதேங்கோ, தொட்டி விளிம்பு கோழியின்ர முதுகு மட்டத்துக்கு வரட்டும். அடுத்தது குடல். செத்த கோழி ஒண்டைக் கிழிச்சுப் பாருங்கோ. சிறுகுடலுக்குள்ள விரல் நீள வெள்ளைப் புழு கிடந்தா தின்னிறது உடம்பில ஒட்டாது. புழுமருந்து குடுத்தா, முட்டை விக்காமல் வைக்கிற நாளை லேபிளில பாருங்கோ. மற்றது கல்சியம். மாஸில 4 வீதத்துக்குக் கிட்ட இல்லாட்டி அதைத் தேடியே கூடத் தின்னும். கோது கட்டுறது இரவில, அதால 2 தொடக்கம் 4 மில்லிமீற்றர் சிப்பி ஓட்டைப் பின்னேரம் போடுங்கோ. இரைப்பையில தங்கி விடிய விடியக் கரையும். மாவாய் அரைச்சது கெதியாப் போயிடும். அதோட தண்ணி. தீனின்ர ரெண்டு மடங்கு குடிக்காட்டி மேல சொன்ன கணக்கு ஒண்டும் நிக்காது.

பரந்தன்:
தம்பி, கொட்டுறதெண்டா ரெண்டு கூட்டிலயும் கொட்டுமே? ஒட்டுசுட்டான் அண்ணை, ரெண்டிலயும் பத்துப் பத்துக் கோழியை விடிய, தீன் போட முதல், நிறுத்துப் போடுங்கோ. அதுவரை வாடை அடிக்கிற பக்கத்துக்கு யூரியாச் சாக்குக் கட்டுங்கோ. மேல ஒரு அடி திறந்து விடோணும், இல்லாட்டி எச்ச நாத்தம் கண்ணைப் பிடிக்கும்.