மழை பெய்த பிறகுதான் ஆட்டுக்காரருக்குப் பயம்

நாங்குநேரிப் பக்கத்து வறண்ட காட்டைப் பார்க்கிற வெளியூர்க்காரர்கள், சித்திரை வைகாசியில்தான் இங்கே ஆடுகள் சாகும் என்று நினைக்கிறார்கள். கோடையில் ஆடு மெலியும், பால் வற்றும், குட்டி தேறாது. ஆனால் கொத்தாகச் சாவது ஐப்பசி, கார்த்திகையில்தான். தலைமுறை தலைமுறையாக ஆடு வைத்திருக்கும் வீட்டில் பிறந்தவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

கோடைக்கு வழி உண்டு. பிசானம் என்கிற நெல் பருவத்தின் அறுவடை முடிந்ததும் தாமிரபரணிப் பாசன வயல்களில் கிடை போடுவோம், அதாவது மந்தையை வயலிலேயே அடைத்து வைப்போம். தாளும் வரப்புப் புல்லும் ஆட்டுக்கு. புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு. 'ஆட்டெரு அவ்வருடம், மாட்டெரு மறுவருடம்' என்று சொல்லி வயல்காரர்களே கூப்பிடுவார்கள். அதன்பிறகு தரிசும் குளத்துப் புறம்போக்கும் இருக்கின்றன. உடைமரத்து நெற்றும் கருவேல நெற்றும் உதிர்கிற காலம் அது. வெள்ளாட்டு இனங்களான கன்னி ஆடும் கொடி ஆடும் பின்னங்காலில் நின்று மரத்திலேயே இலை பறித்துக்கொள்ளும். எங்கள் கீழக்கரிசல் இனச் செம்மறிகளோ தலையைக் குனிந்து தரையில் கிடப்பதைத்தான் மேயும். மழைக்காலத்தில் அவற்றுக்கு வரும் வினை அந்த மேய்ச்சலில்தான் இருக்கிறது.

ஓர் ஐப்பசியில், வள்ளியூர்ப் பக்கம் புதிதாக ஆடு வாங்கியிருந்த அண்ணாச்சி ஒருவர் பதறிப்போய்க் கூப்பிட்டார். நானும் சித்தப்பாவும் போனபோது இரண்டு குட்டிகள் செத்துக் கிடந்தன. மூன்றாவது, முந்தின நாள் மாலை வரை தாய்மடியை முட்டி முட்டிக் குடித்த கொழுத்த கிடாக்குட்டி. தலையை முதுகுப் பக்கம் வளைத்து, நான்கு கால்களாலும் காற்றை உதைத்துக்கொண்டு, பல்லை நறநறவென்று கடித்தது. டாக்டர் வந்து சேர்வதற்குள் அடங்கிவிட்டது. யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்றே அண்ணாச்சி நம்பினார்.

சித்தப்பா ஒன்றுதான் கேட்டார். "காலையில் எப்போது பட்டியைத் திறந்தீர்கள்?"

"விடிந்ததும் திறந்துவிட்டேன். புல் அவ்வளவு செழிப்பாக இருந்ததே!"

துள்ளுமாரி நோய் என்று டாக்டர் உறுதி செய்தார். அந்த நோய்க்கிருமி ஆட்டின் குடலில் எப்போதும் கொஞ்சம் இருக்கும். காய்ந்த தீவனம் தின்று பழகிய வயிற்றில் திடீரென்று இளம்புல் நிறைந்தால் கிருமி பெருகி நஞ்சைக் கக்குகிறது. நன்றாகத் தின்று நன்றாக வளர்கிற குட்டிதான் முதலில் போகும். பெற்ற பிள்ளையைப் போல வளர்த்தவருக்கு இதைவிடக் கொடுமை எது?

அதனால்தான் சித்தப்பா மழை நாட்களில் பனி உலர்ந்து வெயில் ஏறும்வரை படலைத் திறக்கவே மாட்டார். முதலில் சோளத்தட்டை போட்டு அரைவயிறு நிரப்புவார். பச்சைக்குக் கொஞ்ச நேரம்தான். நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டுவார். தடுப்பூசியும் போடுகிறோம், மழைக்கு முன்பே, புரட்டாசியிலேயே. ஊசி போட்டாயிற்று என்று விடியற்காலையில் அவிழ்த்துவிடுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நீலநாக்கு நோயும் இதே பருவத்தில்தான் வரும். சேற்றிலும் ஈரச் சாணத்திலும் பெருகும் பொடிப் பூச்சி கடித்துப் பரவுவது. செம்மறிக்கு வாய் புண்ணாகி, மூக்கு ஒழுகி, கால் நொண்டும். அதே பட்டியில் நிற்கும் வெள்ளாடு பெரும்பாலும் தப்பிவிடும். அந்திக்கு வேப்பிலைப் புகை போடுகிறோம். அதைவிட முக்கியம் பட்டியைச் சேற்றில் வைக்காதது. கார்த்திகை பிறக்குமுன் சரள் மேட்டுக்கு மாற்றிவிடுவோம். குளம்பு அழுகாமல் இருக்கவும் அதுதான் வழி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டித் தீர்த்த 2023 டிசம்பர் மழையில், நெல்லையிலும் தூத்துக்குடியிலும் எத்தனையோ பேர் பட்டியோடு ஆடுகளை இழந்தார்கள். எங்கள் ஆடுகள் நனைந்து நடுங்கினாலும் மேட்டில் நின்றதால் பிழைத்தன.

அந்த மேட்டில் இப்போது வீட்டுமனைக்குக் கல் நட்டுவிட்டார்கள். இந்த ஐப்பசிக்கு வேறு இடம் தேடி அலைந்தோம். மூலைக்கரைப்பட்டிப் பக்கம் ஒருவர் தன் தரிசைத் தருகிறேன் என்றிருக்கிறார். கிடைக்கூலி வேண்டாம், எரு அவருக்கு, இடம் எங்களுக்கு என்று பேச்சு. வரும் வாரம் சித்தப்பாவோடு போய்த் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று பார்க்க வேண்டும்.