புதுப்பிப்பு: பைக்ஸ் பீக் மலைச்சாலையில் நாங்களே ஓட்டிச் சென்று வந்தோம்

அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள பைக்ஸ் பீக் சாலையில் நாங்களே கார் ஓட்டிப் போகலாமா, பிரேக் தாங்குமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். போய்விட்டு வந்தோம். தைரியம் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஏற்றம் சுமார் 31 கிலோமீட்டர். 2011 முதல் உச்சி வரை தார்ச்சாலைதான். மரங்கள் சட்டென்று தீர்ந்துபோகும் இடத்திற்கு மேல்தான் எனக்கு வயிறு கலங்கியது. பல வளைவுகளில் ஓரத் தடுப்பு கிடையாது. சக்கரத்துக்கு அப்பால் வெறும் வானம்.

உண்மையில் கவனம் வேண்டியது இறக்கத்தில். நீங்கள் சொன்னபடியே தாழ்ந்த கியரில் போட்டு, எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும்படி விட்டேன். கிளென் கோவ் அருகே வண்டிகளை நிறுத்துகிறார்கள். ஊழியர் குனிந்து, முன்சக்கரத்தருகே வெப்பமானியை நீட்டி பிரேக்கின் சூட்டைப் பார்த்தார். எங்களுக்கு முன்னால் வந்த வண்டியை ஓரங்கட்டி ஆறவிடச் சொன்னவர், எங்களைக் கையசைத்து அனுப்பினார். அந்த நிம்மதியை இன்னும் மறக்கவில்லை!

உச்சி 4,302 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். அம்மாவுக்குப் பத்தடி நடந்ததுமே மூச்சு வாங்கியது; உட்கார்ந்து தண்ணீர் குடித்தபின் சரியானது. முதியவர்களோடு போனால் வழியில் நின்று நின்று ஏறுங்கள்.

காலையிலேயே கிளம்பிவிடுங்கள். கோடையில் பிற்பகல் இடி மின்னல் சகஜம். மேலே டெவில்ஸ் பிளேகிரவுண்ட் என்றே ஓர் இடம் உண்டு. மின்னல் பாறைக்குப் பாறை தாவுவதால் வந்த பெயராம்.