ஈச் வே துண்டு: மூன்றாவதாக வந்த குதிரைக்குக் காசு உண்டா?

அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு விளக்கம் வேண்டும். நான் தலவாக்கலைப் பக்கம். ஏப்ரலில் நுவரெலியா ரேஸ் என்றால் எங்கள் சித்தப்பா தவறாமல் போவார். மற்ற நாட்களில் டவுன் புக்கியில், அதாவது பந்தயக் கடையில், இங்கிலாந்து ரேஸுக்குப் பந்தயத் துண்டு எழுதுவார்.

போன சனிக்கிழமை 10க்கு 1 விலையில் (1 ரூபாய்க்கு 10 ரூபாய் லாபம்) இருந்த குதிரைக்கு 100 ரூபாய் ஈச் வே எழுதினார். அதாவது முதலாவதாக வரும் என்று வெற்றிக்கு 100, முதல் சில இடங்களுக்குள் வரும் என்று இடத்துக்கு 100, ஆக 200 கட்டினார். குதிரை மூன்றாவதாக வந்தது. வெற்றிக்குக் கட்டிய 100 போனது, சரி. இடத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு விலை, அதாவது 2க்கு 1. லாபம் 200, கட்டிய 100, மொத்தம் 300 கிடைக்கும் என்று நம்பிப் போனார். கடையில் ஒரு சதமும் இல்லை என்றுவிட்டார்கள்.

துண்டு எழுதும்போது 8 குதிரை. ஓடும் முன் ஒன்று விலகி 7 ஆகிவிட்டது. 8 ஓடினால் மூன்று இடம், 5 முதல் 7 வரை என்றால் இரண்டு இடம்தான் என்பது எனக்கும் தெரியும். ஆனால் எழுதிய நேரக் கணக்கா, ஓடிய நேரக் கணக்கா? மனுசன் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அவரை யாரோ ஏமாற்றிவிட்டார்களா என்பதுதான் என் கவலை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், துண்டு இன்னும் பத்திரமாக இருக்கிறது.