குப்பனூர் இறக்கத்தில் சைக்கிள் பிரேக் லீவர் ஹேண்டில் வரை வருது, ஒரு டியூபும் வெடிச்சது. கொல்லிமலைக்கு முன்னாடி என்ன சரி பண்ணணும்?

அஸ்தம்பட்டி சக்கரம்
வணக்கம். மே முதல் வாரம் ஆறு பேர், மூணு நாள் சைக்கிள் பயணம். முதல் நாள் சேலம், அடிவாரம், ஏற்காடு. மறுநாள் கொட்டச்சேடு, குப்பனூர் வழியா இறங்கி ராசிபுரம். மூணாம் நாள் காரவள்ளியிலிருந்து கொல்லிமலை. ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு மட்டும் ஒத்திகை பார்த்தோம். ஏற்றத்தில் தொல்லை இல்லை. இறக்கத்தில்தான் ரெண்டு பிரச்சினை.

ஒண்ணு, டிஸ்க் பிரேக் சைக்கிள். பாதி இறக்கத்துக்கு மேல் பின் லீவர் ஹேண்டிலைத் தொடுது. கீச்சுன்னு சத்தம், கருகின வாசம்.

ரெண்டு, ரிம் பிரேக் (ரிம்மையே கவ்வுறது) ஹைபிரிட் சைக்கிள், 38 எம்.எம். டயர், 75 பி.எஸ்.ஐ. காற்று. பின் டியூப் வெடிச்சிடுச்சு. ரிம்மில் கை வைக்க முடியலை. டயரில் முள், ஆணி எதுவும் இல்லை.

ஆள், சைக்கிள், பை சேர்த்து 90 கிலோ. கேபிளை இழுத்துக் கட்டினா போதுமா?

பத்தாம் நம்பர் ஸ்பேனர்
கேபிளை இழுக்காதீங்க, அப்படியே விடுங்க. முதல்ல ரெண்டு விவரம். டிஸ்க் கேபிளா, ஆயிலா? ஆறினப்புறம் லீவர் பழையபடி இறுகிச்சா? அப்புறம், டியூப் ஓட்டை எந்தப் பக்கம்?

அஸ்தம்பட்டி சக்கரம்
கேபிள் டிஸ்க்தான். ஆறினப்புறமும் லீவர் அப்படியேதான் இருக்கு. டியூப் ஓட்டை உள்பக்கம், ரிம்மைப் பார்த்த பக்கம். காற்று அடிக்கிற மவுத்துக்கு நாலு விரல் தள்ளி.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்
அப்போ ரெண்டுக்கும் காரணம் தெளிவு.

ஆயில் பிரேக்கா இருந்து, சூட்டில் மட்டும் லீவர் இறங்கி ஆறினதும் இறுகினா, ஆயில் கொதிச்சிருக்குன்னு சொல்லலாம். உங்களுது கேபிள், ஆறியும் இறுகலை. பேட் (டிஸ்க்கை ரெண்டு பக்கமும் கவ்வுற கட்டை) தேஞ்சிருக்கு. பேட்டைக் கழற்றிப் பாருங்க. உலோகத் தகட்டை விட்டுட்டு, தேயுற பொருள் மட்டும் 0.5 எம்.எம்.முக்குக் கீழ இருந்தா மாத்தியே ஆகணும். மேற்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்தா அது சூட்டில் வெந்த பேட், கத்துறது அதனாலதான். கனம் மிச்சம் இருந்தா 120 நம்பர் உப்புத்தாளில் தேய்ச்சுப் பயன்படுத்தலாம். எண்ணெய் இறங்கின பேட்டை என்ன தேய்ச்சாலும் பிரயோஜனமில்லை.

விலை குறைவான கேபிள் காலிப்பர்களில் (பேட்டை அழுத்துற பாகம்) பெரும்பாலும் ஒரு பக்கப் பேட்தான் நகரும். ஸ்போக் பக்கம் உள்ளது நிலையா நிக்கும். தேய்மானத்தைக் கேபிளை மட்டும் இழுத்து ஈடு கட்டினா, காலிப்பர் கை (கேபிள் இழுக்கிற நெம்பு) முன்னாடியே பாதி சுத்தி நிக்கும். லீவர் அழுத்தமா தெரியும், பிடிப்பு வராது. அதனால கேபிள் போல்ட்டைத் தளர்த்தி, கையை முழுசா பின்னுக்குப் போக விடுங்க. ஸ்போக் பக்க ஸ்க்ரூவை, பேட் ரோட்டாரை (சக்கரத்தோட சுத்துற டிஸ்க் தகடு) தொடுற வரை முடுக்கி, கால் சுற்று பின்வாங்குங்க. காலிப்பரின் ரெண்டு போல்ட்டையும் தளர்த்தி, காலிப்பர் கையை அழுத்திப் பிடிச்சபடியே இறுக்குங்க. கடைசியா கேபிள். கை நகராத அளவுக்கு மட்டும் இழுத்துக் கட்டுங்க. ரோட்டாரையும் அளந்து பாருங்க. ஷிமானோ ரோட்டார்னா புதுசு 1.8 எம்.எம்., 1.5 வந்தா மாத்தணும்.

டியூப் விஷயம். காற்று 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடானாலும் 75 பி.எஸ்.ஐ. சுமார் 90 ஆகும், அவ்வளவுதான். அது மட்டுமே நல்ல டியூபை வெடிக்க வைக்காது. ஓட்டை உள்பக்கம்னா, ரிம்முக்குள்ள ஸ்போக் துளைகளை மூடுற ரிம் டேப்தான் குற்றவாளி. ரப்பர் டேப் சூட்டில் இளகி நகரும், டியூப் ஸ்போக் துளைக்குள்ள பிதுங்கும். துணி டேப்போ கெட்டியான நைலான் டேப்போ போடுங்க. அகலம் ரிம்மின் உள் அகலத்துக்குச் சமமா இருக்கட்டும். அதிகமானா டயர் விளிம்பு சரியா உட்காராது. டியூபும் புதுசாவே போடுங்க, ஒட்டு போட்ட பசை இந்தச் சூட்டில் விட்டுக்கொடுக்கும். காற்று பின்னாடி 55, முன்னாடி 50. டயரில் அச்சடிச்சிருக்கிறது உச்ச வரம்பு, அதையே அடிக்கணும்னு இல்லை.

சேர்வராயன் சரிவு
பாகங்களைச் சரி செய்தாலும் கொல்லிமலையில் மறுபடி இதே கதைதான் நடக்கும். இரண்டு சைக்கிளிலும் தொல்லை வந்தது பின் சக்கரத்தில் என்பதைக் கவனியுங்கள். முன் பிரேக்கைத் தொட எல்லோருக்கும் பயம், பின் பிரேக்கை மட்டும் தேய்த்துக்கொண்டே வந்திருக்கிறீர்கள். இறக்கத்தில் எடை முன் சக்கரத்துக்குப் போய்விடுவதால் பின் சக்கரம் கொடுக்கும் பிடிப்பு குறைவு. சூடு மட்டும் முழுதாக ஏறும்.

தோராயக் கணக்கு: 90 கிலோ, 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் 880 கிலோ ஜூல் ஆற்றல். 20 கி.மீ. தூரத்தை மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் தேய்த்துக்கொண்டே வந்தால், காற்றும் டயரும் தின்றது போக சுமார் 590 கிலோ ஜூல் பிரேக்கில் விழும். சராசரி 30 என்றால் காற்றுத் தடை கூடுவதால் அது 360 ஆகிவிடும். வேகமாகப் போங்கள் என்று சொல்லவில்லை. நேர்ப்பாதையில் விட்டு, வளைவுக்கு 20, 25 மீட்டர் முன்பே இரண்டு லீவரையும் சேர்த்து அழுத்தி வேகத்தை இறக்கி, பிரேக்கை விட்டுவிட்டு வளைவுக்குள் நுழையுங்கள். விடும் நேரம்தான் பிரேக் ஆறும் நேரம். வளைவுக்குள்ளேயே பிடித்தால் ஜல்லி மண்ணில் சறுக்கும்.

காரவள்ளிப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், அடிவாரம் வழி ஏற்காட்டில் 20. ஆகவே 10 வளைவுக்கு ஒரு முறை, அகலமான இடத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். சூடான ரோட்டாரில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும். நிற்கும்போது தின்பண்டப் பையைக் கேரியரில் தொங்கவிட்டால் அது குரங்குக்குப் போய்ச் சேரும்.

குழு ஓட்டம்
ரெண்டு சைக்கிளுக்கு நடுவில் 30 மீட்டர் இடைவெளி. பஸ் வளைவில் முழு ரோட்டையும் எடுக்கும். ஏறி வர்ற வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்குற நீங்கதான் ஒதுங்கணும்.

விடியக்காலை 5:30க்கு அடிவாரத்தில் இருங்க. மணிக்கு 500 முதல் 750 மில்லி தண்ணி. ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒண்ணுக்கு ஒரு லிட்டர், குறைச்சுக் கலக்காதீங்க. மத்தியானத்துக்கு மேல் கோடை மழை பிடிச்சா ரிம் பிரேக் முதல் சில சுற்று பிடிக்கவே பிடிக்காது, அதுக்கு முன்னாடி இறங்கிடுங்க. கோடை விழா சமயம்னா ஒருவழிப் பாதை ஆக்குறதுண்டு, முந்தின நாளே விசாரிச்சுக்கங்க.

அஸ்தம்பட்டி சக்கரம்
பேட் கழற்றியாச்சு, 0.4 எம்.எம்.தான் மிச்சம். ரிம் டேப்பும் ஒரு ஓரம் சுருண்டிருந்தது. ரோட்டார் 1.7. அதில் ரெசின் (பிசின் கலந்த) பேட் மட்டும்னு எழுதியிருக்கு. கடையில் மெட்டல் பேட்தான் இருக்கு. சூடு தாங்கும்னு சொல்றாங்க, போடலாமா?

பத்தாம் நம்பர் ஸ்பேனர்
வேண்டாம். மெட்டல் பேட் சூடு தாங்கும்ங்கிறது உண்மைதான், ஆனா அந்த ரோட்டார் இளக்கமான இரும்பு, சீக்கிரம் அரைச்சுத் தள்ளிடும். மெட்டல்தான் வேணும்னா ரோட்டாரையும் சேர்த்து மாத்துங்க. இல்லைன்னா ரெசினே வாங்கி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் ரோட்டாரைத் துடைச்சுட்டுப் போடுங்க. அதுக்கப்புறம் சமதள ரோட்டில் 20 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகம் வரை 20 தடவை பிடிச்சு விடுங்க, சக்கரம் பூட்டக் கூடாது. இது முடியாம மலை ஏறாதீங்க. ஒரு ஜோடி பேட் பையிலயும் இருக்கட்டும்.